மெங்கியா ஏறிய தடம்

வல்மாலா ஊரில் மெங்கியாவுக்கு வைத்திருந்த பெயர் 'வேண்டாம் அக்கா'. இருபத்திரண்டு வருஷமாக மலையில் பனியைத் தோண்டிப் பார்த்து, எந்தச் சரிவில் பனி பெயர்ந்து விழும் என்று அபாய அறிக்கை போடுகிறவர்களுக்கு எழுதி அனுப்புவது அவள் வேலை. மேலே போகலாமா என்று யார் கேட்டாலும் வேண்டாம் என்பாள் என்று கேலி. ஒரு குளிர்காலத்தில் மூன்று முறை அப்படிச் சொன்னாள். மூன்று முறையும் பனி அசையாமல் கிடந்து அவள் மானத்தை வாங்கியது.

எல்லாரையும்விட அதிகமாகக் கேலி செய்தவன் கூடப்பிறந்த தம்பி தூரி. பனியில் சறுக்க வருகிறவர்களை மலைக்குக் கூட்டிப் போவது அவன் பிழைப்பு.

அதற்கு அடுத்த குளிர்காலம், ஜனவரியில் வடக்குச் சரிவு மெங்கியாவை உறுத்திக்கொண்டே இருந்தது. நவம்பரில் விழுந்த பனி அடியில் சர்க்கரையாக உதிர்ந்து கிடந்தது. அதன்மேல் காற்று ஒரு முழத்துக்குப் புதுப்பனியைப் பலகைபோல இறுக்கி வைத்திருந்தது. அறிக்கை, அபாயம் ஐந்தில் மூன்று என்றது. ஊருக்கு மூன்று என்றால் பாதி, பாதி என்றால் போகலாம். இந்தக் கணக்கைப் போட்டவன் யாரோ, அவன் தலையில் இடி விழ.

சனிக்கிழமை தூரி இரண்டு பேரை அங்கே கூட்டிப் போவதாக இருந்தான். வெறும் வாயால் சொன்னால் கேட்கமாட்டான் என்று வெள்ளிக்கிழமை காலை அவளே ஏறினாள். மரங்களை ஒட்டி ஓரமாகவே போய், சரிவு செங்குத்தாகும் முன்பே நின்று குழி தோண்டினாள். பனியில் ஒரு தூண் வெட்டி, அதன் தலையில் மண்வாரியை வைத்து மெல்லத் தட்டினாள். நாலாவது தட்டில் மேல்பாதி அப்படியே வழுக்கி அவள் காலடியில் விழுந்தது. படம் எடுத்துக்கொண்டு நேரே தம்பி வீட்டுக்குப் போனாள்.

தூரி படத்தைப் பார்த்தான். பிறகு ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தான். அங்கே அவள் ஏறிய தடம் வளைந்து வளைந்து பளிச்சென்று தெரிந்தது.

"இவ்ளோ மோசம்னா நீ எப்படிக்கா ஏறின?"

"நான் போனது ஓரம்டா. நடுவுல கால வெச்சா மொத்தமும் வந்துரும்."

"ஏறின, எறங்கின, முழுசா வந்து நிக்கற. உக்காரு, சூப் குடிச்சிட்டுப் போ."

அவன் மனைவி செரைனாவும் சிரித்துவிட்டாள். மெங்கியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எக்கேடோ கெட்டுப் போ என்று சொல்லிவிட்டு, சூப்பைத் தொடாமல் வெளியேறினாள்.

மறுநாள் பத்து மணிக்குச் சரிவு மொத்தமும் பெயர்ந்து வந்தது. ஊரே ஓடிப்போய்த் தோண்டியது. முன்னால் போன தூரி ஓர் ஆள் ஆழத்துக்குக் கீழே கிடந்தான்; எடுத்தபோது உயிரில்லை. பின்னால் நின்ற இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள்.

அவர்களில் ஒருவர் பல் டாக்டர். மேலே போகத் தயங்கியபோது தூரி என்ன சொன்னான் என்று அவர்தான் மெங்கியாவிடம் சொன்னார். நல்ல மனுஷன், அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"இது எங்கக்கா போன தடம். இந்த ஊர்லயே அவள மாதிரி ஜாக்கிரதையானவ கெடையாது. அவளே ஏறியிருக்கான்னா கண்ண மூடிக்கிட்டுப் போலாம்."

அந்தத் தடம் முடிந்த இடம் வரை போய், அங்கிருந்துதான் நடுச்சரிவுக்குத் திரும்பியிருக்கிறான்.

விசாரணையில் அவள்மேல் குற்றமில்லை என்று எழுதிக்கொடுத்தார்கள். செரைனா அவளோடு பேசுவதில்லை. இப்போது மெங்கியா குழி தோண்ட மலையின் முதுகுப்பக்கமாகச் சுற்றிப் போகிறாள். இரண்டு மணி நேரம் கூடுதலாகிறது. ஆனால் அவள் தடம் ஊரிலிருந்து தெரியாது.

இந்தக் குளிர்காலத்தில் வடக்குச் சரிவுக்கு யாருமே போகவில்லை. ரொட்டிக் கடையில் காரணம் கேட்டாள். 'வேண்டாம் அக்கா'வே அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லையாம், அப்படியென்றால் அங்கே ஏதோ இருக்கிறதாம். ரொட்டியை வாங்காமல் வீட்டுக்கு வந்து, அந்த ஒரு வெள்ளிக்கிழமை பேசாமல் வீட்டில் கிடந்திருக்கக் கூடாதா என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.