ஜீப்பில் இல்லாத பெல்ட்

புதூர்நாட்டு மலைப்பாதையில் எங்களை ஏற்றி இறக்கும் ஜீப்காரர் ஒல்லியானவர், எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர். கார் பந்தய வீடியோ விளையாட்டுக்காக வீட்டில் ஒரு நாற்காலி செய்திருந்தார். திரையில் கார் திரும்பினால், அடியில் பொருத்திய பழைய வைப்பர் மோட்டார் நாற்காலியையும் சாய்க்கும். ஒருநாள் என்னை அதில் உட்காரவைத்து, பெல்ட்டை மாட்டி, இழுத்துப் பார்த்தார். அது ஜீப்பில் இருந்த பெல்ட்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இன்னாய்யா, மாசமா இருக்கிற என் பொண்டாட்டி உன் முன்சீட்லதான ஆஸ்பத்திரிக்கு வர்றா. அவளுக்கு பெல்ட் வாணாமா?”

“இந்த சேர்தாண்ணா தூக்கி அடிக்குது. ஜீப்ப நான்தான ஓட்றேன்.”

இறங்கி, ஸ்பேனரை எடுத்து நானே பெல்ட்டைக் கழற்றினேன். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். அவரோ ஓடிவந்து மோட்டாரை நிறுத்தினார்.

“பாத்துண்ணா, கைய நசுக்கிடும்.”

இவர் எதற்குத்தான் பயப்படுகிறார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.