தொட்டுப் பார்க்காத கைப்பிடி

நாற்பத்தேழு வயதில் பறக்கக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது என் கணவர் மறுப்புச் சொல்லவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "மழைக்காலம் கழிஞ்சுதானே?" என்று மட்டும் கேட்டார். அவர் எதற்கும் மறுப்புச் சொல்கிறவர் இல்லை. ஸ்கூட்டர் வாங்கினாலும், பெண்ணுக்குப் பரீட்சை வந்தாலும், மோட்டாரைப் பழுது பார்த்தாலும்கூட, பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காயை உடைத்துவிட்டு வந்து நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார். அந்த நிம்மதியைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் கணக்கு டீச்சர். எதற்கும் எனக்குக் காரணம் வேண்டும்.

நான் கற்றுக்கொள்ளப் போனது பாராகிளைடிங். விமானத்திலிருந்து குதிப்பதல்ல, விரித்துவைத்த பாராசூட்டை முதுகில் மாட்டிக்கொண்டு, மலைச்சரிவில் ஓடி, அப்படியே காற்றில் கால் எடுப்பது. வித்துரா தாண்டி, பொன்முடி ரோடு ஏறுகிற வழியில் ஒரு புல்சரிவில் ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு. கூடப் படித்த நான்கு பேரும் என் பழைய மாணவர்களின் வயதுதான். மூன்று பேர் மலையாளத்தில் அக்கா என்கிற 'சேச்சி' என்றார்கள். ஒருத்தி 'ஆன்ட்டி' என்றாள். அந்தப் பெண்ணை எனக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை.

வகுப்பில் பறப்பதைவிடச் சாமான்களைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். உட்காருவதற்கு வார்களும் கொக்கிகளும் வைத்த ஓர் இருக்கை. அதற்கு ஹார்னஸ் என்று பெயர். அதன் அடியில் இன்னொரு சின்ன பாராசூட்டை மடித்துத் திணித்திருக்கும். அது ரிசர்வ். வலது இடுப்போரம் அதற்கு ஒரு சிவப்புக் கைப்பிடி. மேலே விரிந்திருக்கிற பெரிய பாராசூட் காற்றில் சுருண்டுவிட்டால், அந்தக் கைப்பிடியைப் பிடுங்கி வெளியே வீச வேண்டும். அதற்குமேல் வேறு வழி கிடையாது.

சொல்லிக் கொடுத்தவர் மலையாளி, அதிகம் பேசாத மனிதர். ஹார்னஸை வெயிலில் போடக்கூடாது, சோப்புப் போடக்கூடாது, ஈரத்தோடு மூட்டை கட்டக்கூடாது, எலி இருக்கிற இடத்தில் வைக்கக்கூடாது என்றெல்லாம் சொன்னார். பிறகு வீட்டுப்பாடம் கொடுத்தார். ஹார்னஸை வீட்டில் எங்கேயாவது தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்து, குனிந்து பார்க்காமலே கை தானாகச் சிவப்புக் கைப்பிடிக்குப் போகும்படி தினமும் பழக வேண்டும். தொட்டால் போதும், இழுக்கக்கூடாது. இழுத்துவிட்டால் தெரிந்தவர்தான் திரும்ப மடித்துத் தர முடியும்.

எங்கள் வீடு கோட்டைக்குள் அக்ரகாரத் தெருவில் இருக்கிறது. கூடத்தில் ஊஞ்சலுக்கு நல்ல இரும்புக் கொக்கிகள் உண்டு. பலகையைக் கழற்றிவிட்டு ஹார்னஸை மாட்டினோம். நைட்டிக்கு மேலேயே வார்களை இறுக்கிக்கொண்டு நான் ஏறித் தொங்கினேன். என் கணவர் ஆடாமல் பிடித்துக்கொண்டார். பிடிக்கிற சாக்கில் அவர் கை அந்தச் சிவப்புக் கைப்பிடிமேல் பட்டது.

"அதைத் தொடாதேங்கோ!" என்று கத்தினேன். "தப்பித்தவறி அது கழண்டா உயிருக்கே ஆபத்து."

அவர் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். தேவையில்லாத நேரத்தில் கழன்றால்தான் ஆபத்து, தேவைப்படும்போது கழன்றே ஆக வேண்டும் என்கிற மீதியை நான் சொல்லவில்லை. இவருக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறவளுக்கு, வீட்டில் ஒரு மனிதருக்கு ஒரு தடவை முழுசாகச் சொல்லப் பொறுமையில்லை.

அந்த நேரம் பார்த்து அடுத்தாத்து மாமி கறிவேப்பிலை கேட்டு உள்ளே வந்தாள். நான் கூடத்து நடுவில், முழங்கால் தெரிய, மூட்டைபோலத் தொங்கிக்கொண்டிருந்தேன். மாமி ஒன்றும் கேட்கவில்லை, கறிவேப்பிலையைக்கூட. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் பூக்காரி என்னிடம், "பறக்கற மாமி நீங்கதானா?" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போயிற்று. வீட்டுக்கு வந்ததும் ஹார்னஸைக் கழற்றிப் பையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். ஊஞ்சல் பலகை பழைய இடத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு நான் பழகவே இல்லை. இவரிடம் மட்டும், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழகுவதாகச் சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினேன் என்பதுதான் நிஜம்.

முதன்முதலாகத் தனியாகப் பறக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை, நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது ஹார்னஸ் கொல்லையில் நல்ல வெயிலில், துவைகல்லின்மேல் கிடந்தது.

"என்ன பண்றேள்? யாரு இதை வெயில்ல போடச் சொன்னா?"

"ஈரம் மணக்கறது. ஒணத்தலாமேன்னு..."

"வெயில் பட்டா நூலெல்லாம் இத்துப் போயிடும். தெரியாததுல எதுக்குக் கை வெக்கறேள்?"

தெருவுக்கே கேட்டிருக்கும். பேங்க் மேனேஜராக அத்தனை பேரை வைத்து வேலை வாங்கின மனிதர், ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமல் அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார். பழவங்காடிக்குத்தான் என்று எனக்குத் தெரியும். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்முன் ஜீப் வந்தது. இவர் வாசல்வரை வந்து, நான் ஏதோ சொல்வேன் என்பதுபோல நின்றார். பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு, "ஒண்ணும் ஆகாது, உள்ள போங்கோ" என்றேன்.

அன்று முதன்முதலாக மேல்சரிவிலிருந்து தனியாக இறங்க வேண்டும். காற்று அருமையாக இருந்தது. ஓடுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் தன் சாமான்களைத் தானே கையால் தொட்டுப் பார்த்து, உரக்கச் சொல்ல வேண்டும். ஹெல்மெட், ஓகே. கால் வார், ஓகே. நெஞ்சு வார், ஓகே. எனக்கு முன்னால் இருந்த பிள்ளைகள் படபடவென்று சொல்லி முடித்தார்கள். தட்டுத்தடுமாறும் ஆன்ட்டியாக நிற்க எனக்கு விருப்பமில்லை. "ரிசர்வ்?" என்றார் சொல்லிக் கொடுத்தவர். இடுப்போரம் பையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு "ஓகே" என்றேன்.

அவர் எல்லோரையும் இன்னொரு தடவை தானும் பார்ப்பார். என் வலதுபக்கம் வந்ததும் அவர் கை நின்றது.

"சேச்சி, இது எந்தா?"

குனிந்து பார்த்தேன். சிவப்புக் கைப்பிடியை ஹார்னஸ் வாரோடு சேர்த்து, மஞ்சளும் சிவப்புமாகப் பூஜித்த சரடு ஒன்றைச் சுற்றி, முடிச்சின்மேல் முடிச்சாக இறுக்கியிருந்தது. அவர் கைப்பிடியை மெல்ல அசைத்தார். அது அசையவில்லை.

"யாரு கெட்டியது?"

"தெரியலை" என்றேன். பார்த்த கணமே தெரிந்திருந்தும் அதுதான் வாயில் வந்தது. வெட்கம்.

அவர் முகம் மாறிவிட்டது. எல்லோரையும் ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னார். யாரோ சாமான்களில் கை வைத்திருக்கிறார்கள், எல்லா ரிசர்வையும் பிரித்துப் பார்க்காமல் இன்று யாரும் பறக்க முடியாது என்றார். அந்த 'ஆன்ட்டி' பெண் எர்ணாகுளத்திலிருந்து ராத்திரி வண்டி ஏறி வந்தவள். அவள் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குமேல் முடியவில்லை. "எங்காத்துக்காரர் கட்டினது" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தது மட்டுமில்லை. அவர் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதையும், ஹார்னஸைத் துவைகல்லில் காயப்போட்டதையும், "ஈரம் மணக்கறது" என்று அவர் சொன்ன குரலிலேயே சொல்லிக் காட்டினேன். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என்மேல் விழுந்த சிரிப்பை அவர்மேல் தள்ளிவிட்டதில் எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. இதை நினைத்தால் இப்போதும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

சொல்லிக் கொடுத்தவர் மட்டும் சிரிக்கவில்லை. முடிச்சை அறுக்காமல் நகத்தால் நெம்பி ஒவ்வொன்றாக அவிழ்த்தார். சரடை என் உள்ளங்கையில் வைத்தார்.

"சார் கெட்டியது அறியாமல். சேச்சி தொட்டுப் பார்க்காமல் ஓகே சொன்னது?"

பிள்ளைகளின் சிரிப்பு நின்றது. அன்று எனக்கு மட்டும் அனுமதியில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராக ஓடிக் காற்றில் ஏறினார்கள். நான் புல்லில் உட்கார்ந்து அவர்களுடைய தண்ணீர் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது ஜீப்பில் யோசித்துக்கொண்டே வந்தேன். சொன்னால் மனிதர் உடைந்துபோவார். சொல்லாமல் விட்டால் அடுத்த வாரமும் கட்டுவார். வாய் திறக்காமல் இருக்க வழியே இல்லை.

கதவைத் திறந்தவர் முகம் அப்படிப் பிரகாசமாக இருந்தது. "எப்படி இருந்தது? பயமா இருந்துதோ?"

கோபப்படாமல், முதல் தடவையாக முழுசாகச் சொன்னேன். மேலே இருப்பது எப்போது சுருளும், அப்போது கை எங்கே போகும், எதைப் பிடுங்க வேண்டும், எல்லாம். அவர் என் இடுப்போரத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார். பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அப்போ நீ இழுத்திருந்தா..."

"வந்திருக்காது. நல்லவேளை, வாத்தியார் பாத்துட்டார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வாத்தியாரா பாத்தார்?" என்றார். "நீ பாக்கலையா?"

நான் சரடை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தேன்.

"தெனம் அதைத் தொட்டுப் பழகறேன்னு சொன்னியே. நீ வெள்ளிக்கிழமையே இதைப் பாத்திருப்பேன்னு நெனச்சேன். எப்பவும் வாய் ஓயாம கேலி பண்றவ, இதைப் பாத்துட்டும் ஒண்ணும் சொல்லாம, அவுக்காம வெச்சிண்டிருக்காளேன்னு..." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு நாளா எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்தது தெரியுமா?"

"நான் பாக்கவே இல்லை. தொட்டுப் பழகவும் இல்லை" என்றேன்.