தோற்றவில்லை என்று பதியப்பட்ட தாள்

அடியார்கள் எல்லோருக்கும் வணக்கம். என் பெயர் கோகிலவாணி. சித்தாண்டியில் பிறந்து வளர்ந்தவள். கொழும்பில் சட்டம் படித்தேன். போன வருடம் எனக்கு நடந்ததை எழுதித் தரும்படி எங்கள் முருகன் கோயிலில் கேட்டார்கள். இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். எழுதும்போதே ஆத்திரம் வருகிறது. அதை மறைத்தால் இது சாட்சியாக இருக்காது. அதனால் ஆத்திரத்தோடேயே எழுதுகிறேன்.

மாசி மாதம், நெல் வெட்டு நேரம். அப்பா வயல் வட்டையில் நின்றார். இறுதியாண்டுப் பெறுபேறு வந்துவிட்டது என்று எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் செய்தி விழுந்தது. என் பரீட்சைச் சுட்டெண்ணை அடித்துப் பார்த்தேன். மற்ற எல்லாத் தாளிலும் சித்தி, பாஸ். சான்றுச் சட்டத்துக்கு நேரே மட்டும் "தோற்றவில்லை" என்று இருந்தது.

அப்படியென்றால் நான் பரீட்சைக்கே வரவில்லை என்று அர்த்தம். நான் வந்தேன். மூன்று மணி நேரம் இருந்து எழுதினேன்.

அன்றைக்கு நல்ல மழை. பரீட்சை மண்டபக் கூரை சரியாக என் மேசைக்கு மேலே ஒழுகியது. விடைத்தாளின் ஓரம் நனைந்து மை பரவிவிட்டது. மேற்பார்வைக்கு நின்ற, பெயர்கூடத் தெரியாத ஒரு மிஸ் என்னை மட்டும் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய் இருத்தினார். அந்த அறையில் சிங்கள மொழியில் எழுதுகிறவர்கள் இருந்தார்கள். அங்கேயே எழுதி, அங்கேயே கையெழுத்து வைத்து, தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன். அவ்வளவுதான் நான் செய்த குற்றம்.

மட்டக்களப்பில் ஒரு மூத்த சட்டத்தரணி என்னைப் பயிற்சிக்கு எடுக்கச் சம்மதித்திருந்தார். வைகாசிக்குள் முழுப் பெறுபேற்றையும் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். அடுத்த பரீட்சைக்கோ இன்னும் ஒரு வருடம் இருந்தது.

மாணவர்கள் நடத்தும் செய்தித்தாளில் சித்தியடைந்தவர்களின் பெயர்கள் வந்தன. என் பெயர் இல்லை. "பயத்தில் வராமல் விட்டவ" என்று குழுவில் யாரோ எழுதினார்கள். அதற்குக் கீழே சிரிக்கிற முகங்கள். அந்தக் கதை ஊருக்கும் வந்து சேர்ந்தது. சந்தையில் ஒரு பெண் அம்மாவிடம் கேட்டிருக்கிறார்: "உங்கட மகள் சோதினைக்குப் போகாம கொழும்பு சுத்தினதாமே, மெய்யா?" அம்மா மரக்கறி வாங்காமலே திரும்பி வந்தார்.

கொழும்புக்குப் போனேன். ஒரு முறை இல்லை, மூன்று முறை. ரயிலில் ஒரு பகல் முழுவதும் போய், மறுநாள் காலை பரீட்சை அலுவலகத்துக்குப் போய் அந்தக் கந்தோர் வாசலில் நிற்க வேண்டும். முதல் முறை, எழுத்தில் தா என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். இரண்டாம் முறை, அந்தக் கடிதம் கிடைக்கவில்லை என்றார்கள். மூன்றாம் முறை, பொறுப்பான அதிகாரி லீவில் போய்விட்டார். அறை மாற்றியதை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொன்னேன். அந்த மிஸ் யாரென்று பார்த்துச் சொல்லும்படியும் கேட்டேன். யன்னலுக்குப் பின்னால் இருந்தவர் ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"வரவு இடாப்பில உங்கட கையெழுத்து இல்ல, தங்கச்சி. இல்லாததுக்கு நாங்க என்ன செய்ய?"

மூன்றாம் முறை என்னோடு பஸ்மிலாவும் வந்தாள். ஏறாவூரைச் சேர்ந்தவள், என்னோடு ஒரே வகுப்பு. பரீட்சையில் எனக்குப் பின் வரிசையில் இருந்தவள். "நான் என்ட கண்ணால கண்டன். இவவ மிஸ்தான் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனவ. சத்தியக் கடதாசி முடிச்சுத் தாறன், எங்க வேணுமெண்டாலும் வந்து சொல்லுறன்" என்றாள். சொன்னபடியே முடித்தும் கொடுத்தாள். மாணவர் சொல்வது செல்லாது என்று அதையும் திருப்பித் தந்துவிட்டார்கள்.

சான்றுச் சட்டத்தை வரி வரியாகப் படித்தவள் நான். எனக்கே ஒரு சான்று இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். சிறு வயதிலிருந்து நான் கும்பிட்டு வளர்ந்த முருகன். அன்றைக்குக் கும்பிடப் போகவில்லை. அழவும் இல்லை. கையைக் கூப்பாமல் நேரே நின்று, வாய்க்குள் அவனோடு சண்டை பிடித்தேன்.

"என்னப் பாஸாக்கு எண்டு கேக்க வரல்ல. நான் அங்க இருந்தனான். அது உனக்குத் தெரியும். தெரிஞ்ச நீ பேசாம இருந்தா ஞாயமா? அவ இருந்தவ எண்டு சொல்ல ஒரு ஆள அனுப்பு. ஏலாட்டி நான் இனி இங்க வரமாட்டன்."

திருநீறு வாங்காமல் வெளியே வந்தேன். அப்படிப் பேசியதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். ஆனால் அப்படித்தான் பேசினேன்.

திங்கட்கிழமை நாலாம் முறையாகப் புறப்பட்டேன். போக விருப்பமே இல்லை. அம்மாதான் உடுப்புப் பையைக் கையில் தந்து, "ஒருக்காப் போயிட்டு வா மகள், கடைசியா" என்றார். ஏறாவூரில் ரயில் ஏறினால், நான் பதிவு செய்த இருக்கையில் காய்ச்சல் பிள்ளையை மடியில் படுக்கவைத்தபடி ஒரு தாய் இருந்தார். எழும்பச் சொல்ல மனம் வரவில்லை. இதிலும் எனக்கு இடம் இல்லையா என்று முணுமுணுத்துக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போனேன்.

பொலன்னறுவையில் வயதான ஒரு சிங்களப் பெண் ஏறி என் முன்னால் இருந்தார். சற்றுத் தூரம் போனதும் ரயில் காட்டுக்குள் நின்றுவிட்டது. எஞ்சின் கோளாறு என்றார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றது. அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தெரிந்த தமிழில் கேட்டார்:

"நீங்க மழைக்கு பேப்பர் நனைஞ்ச பிள்ளைதானே?"

அப்போதுதான் எனக்கு அடையாளம் தெரிந்தது. அவர்தான் என்னை அறை மாற்றிய மிஸ். குசுமாவதி என்று பெயர். ஓய்வு பெற்ற ஆசிரியை. மகளைப் பார்த்துவிட்டுக் கொழும்புக்குத் திரும்புகிறார். நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் இடையில் ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில், "நாளைக்கு ஒன்பது மணிக்கு கந்தோர் வாசலுக்கு வாங்க. நானும் வாறேன்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் ஒன்பதுக்கு அவர் வரவில்லை. ஒன்பதே காலுக்கும் வரவில்லை. இதுவும் போச்சு என்று நினைத்தேன். பஸ் பிந்தி, ஒன்பதரைக்குக் குடையோடு வேகமாக நடந்து வந்தார்.

மேற்பார்வைக்குப் போகும் நாட்களில் நடப்பதை அவர் ஒரு டயரியில் எழுதி வைப்பவராம். அதை யன்னலுக்குள்ளே நீட்டினார். அறை எண், மாற்றிய நேரம், என் சுட்டெண், எல்லாம் அதில் இருந்தது. அரை மணி நேரத்தில் ஒரு அலுமாரியைத் திறந்து என் தாளை எடுத்தார்கள். அந்த அறையின் சிங்களத் தாள்களோடு என் தாளும் கட்டப்பட்டுப் போயிருக்கிறது. திருத்தியவர், இது தமிழ்த் தாள், உரிய இடத்துக்கு அனுப்பவும் என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறார். அதை யாரும் அனுப்பவில்லை. நான் மூன்று முறை வந்து நின்ற யன்னலுக்குப் பின்னால்தான் அது கிடந்தது. நான் கையெழுத்து வைத்த கடதாசியும் அதோடு இருந்தது.

"சரி, இப்ப கிடைச்சிட்டுத்தானே" என்றார் அதே ஆள். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. நான் கத்தியிருப்பேன். குசுமாவதி மிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மூன்று வாரத்தில், வைகாசி முடிவதற்கு முன்பே பெறுபேறு வந்தது. சித்தி. அப்பா வட்டையிலிருந்து வந்து, கையில் இருந்த சேற்றைக் கழுவித் துடைத்துவிட்டு, தொலைபேசியை வாங்கித் தானே வாசித்தார். இன்னொரு முறை வாசித்தார்.

மாணவர் செய்தித்தாளில் திருத்தம் போடச் சொன்னேன். கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி போட்டார்கள். சிரித்தவர்கள் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

ஆனால் முருகன் மேல் இருந்த கோபம் அன்றைக்கே போய்விட்டது. நான் கேட்டது ஒரு ஆள். அவன் அனுப்பியது ஒரு ஆள். என் இருக்கையில் வேறொருவரை இருத்தி, ரயிலைக் காட்டுக்குள் நிறுத்தி, அவரை என் முன்னால் கொண்டுவந்து வைத்தான். தற்செயல் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். அந்தப் பெட்டியில் இருந்தவள் நான்.

இப்போது மட்டக்களப்பில் பயிற்சியில் இருக்கிறேன். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கந்தோர் கந்தோராக அலைந்து களைத்தவர்கள் வருகிறார்கள். அவர்கள் சொல்வதை முடியும்வரை கேட்கிறேன். முன்பு எனக்கு அந்தப் பொறுமை இருந்ததில்லை.

அவன் முன்னால் நல்ல மனதோடுதான் போக வேண்டும் என்று நினைத்து வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். உங்களிடம் மிச்சமிருப்பது கோபம் மட்டும்தான் என்றால் அதையே கொண்டுபோய் அவன் முன்னால் வையுங்கள். அவன் அதையும் வாங்கிக்கொள்வான்.