பள்ளம்தானுங்க, வேறென்ன?

அலுப்பைச் சொல்லும் இங்கிலீஷ் வார்த்தைகள் கிறிஸ்துதாஸுக்குத் தெரிந்த அளவுக்கு ஏற்காட்டில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. இங்கிலீஷில் வழி சொல்லச் சொன்னால் தடுமாறுவார். அலுப்பில் மட்டும் பண்டிதர். எல்லாம் பின்சீட்டிலிருந்து காதில் விழுந்த படிப்பு. லாட்ஜ் அம்பாசிடரில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஏரி, லேடீஸ் சீட், சேர்வராயன் கோயில் என்று தினமும் ஒரே சுற்று. ஏறுகிறவர்கள் ஊட்டியும் கொடைக்கானலும் பார்த்துவிட்டு வந்தவர்கள். காரை விட்டு இறங்கும் முன்பே உதட்டைப் பிதுக்குவார்கள்.

சும்மா உட்கார்ந்து சலித்தால் 'போர்'. சலிப்போடு எரிச்சலும் சேர்ந்தால் 'ஃபெட்-அப்'. எதைக் காட்டினாலும் 'அப்படியா' என்று கொட்டாவி விட்டால் 'பிளாசே'. அவருக்குப் பிடித்தது 'ஜேடட்'. பெங்களூர் டாக்டரம்மா ஒருவர்தான் விளக்கினார்: மிட்டாய்க் கடைக்காரருக்கு மைசூர்பாகு எப்படியோ, அப்படி. நல்லதையே பார்த்துப் பார்த்து மரத்துப் போவது.

"அது நாந்தானுங்கம்மா" என்றார் கிறிஸ்துதாஸ். டாக்டரம்மா சிரித்தார். இதில் சிரிக்க என்ன இருக்கிறதோ!

மலை விளிம்பிலிருக்கும் லேடீஸ் சீட்டில் எல்லாரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்ப்பார்கள். இவர் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொள்வார். இறங்கிப் பார்த்து எத்தனையோ வருஷமாகிவிட்டது.

அவர் மனைவி ஆரோக்கியசெல்வி நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிப்பவள். மலை அடிவாரத்தில் பிறந்து, வாக்கப்பட்டு மேலே வந்தவள். வேலை, சமையல், ஞாயிற்றுக்கிழமை பூசை என்று போன வாழ்க்கையில் லேடீஸ் சீட்டை அவள் பார்த்ததே இல்லை. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து சாயங்காலம் தவறாமல் ஒரு கேள்வி உண்டு.

"ஏனுங்க, இன்னிக்கு என்ன பாத்தீங்க?"

"ஒண்ணுமில்ல. சோத்தப் போடு."

எண்பத்தாறாம் வருஷம் மே மாத சீசன் கூட்டத்தில்தான் வினை வந்தது. மெட்ராஸிலிருந்து வந்த ஒரு குடும்பம் லேடீஸ் சீட்டில் கார் நின்றதும், "இங்க என்னப்பா இருக்கு?" என்று கேட்டது. "பள்ளம்தானுங்க, வேறென்ன? போர்" என்றார் கிறிஸ்துதாஸ். அவர்கள் இறங்காமலே திரும்பிப் போய் லாட்ஜ் மேனேஜர் வேலுசாமியைப் பிடித்துக்கொண்டார்கள்.

வேலுசாமி வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "ஏப்பா, விருந்தாளிகிட்டப் பள்ளம்னா சொல்லுவ? திங்கக்கெழமை ஒரு கோஷ்டி வருது. இன்னொருக்கா புகார் வந்துச்சு, சாவிய வெச்சுட்டு ஊட்டுக்குப் போயிக்க."

சாவி போனால் பழையபடி முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு காப்பிச் செடிக்கு மருந்தடிக்கப் போக வேண்டும். கிறிஸ்துதாஸ் வீட்டுக்கு வந்து புலம்பித் தீர்த்தார். அழகாக நாலு வார்த்தை சொல்லலாமென்றால் வாயில் வருவதெல்லாம் அலுப்பு வார்த்தை. என்ன செய்வார் மனுஷன்?

"என்னைக் கூட்டிட்டுப் போங்க. பாத்துட்டு நான் சொல்லித் தாரேன்" என்றாள் செல்வி.

மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் காலிக் காரில் அவளை அழைத்துப் போனார். கல்யாணப் புடவை கட்டியிருந்தாள். நல்ல வேளையாகப் பனி இல்லை. மலைப்பாதை வளைந்து வளைந்து இறங்கியது. ஒரு பஸ் ஊர்ந்து ஏறிக்கொண்டிருந்தது. அதற்கும் கீழே வெயிலில் சேலம். செல்வி கம்பியைப் பிடித்தவள் பிடித்தபடியே நின்றாள். கிறிஸ்துதாஸ் பின்னால் நின்று, "ம், சொல்லு. என்னன்னு சொல்றது?" என்று அவசரப்படுத்தினார்.

"அதா தெரியுதே, அதுதானுங்களே அடிவாரம்? எங்கம்மா ஊடு அங்கதான?"

"இருக்கும். நீ வார்த்தையச் சொல்லு."

திரும்பினாள். முகம் சிவந்திருந்தது.

"இத நித்தமும் பாத்துட்டா ஊட்டுக்கு வந்து ஒண்ணுமில்லன்னு சொன்னீங்க?"

"அது வந்து..."

"கல்யாணத்தன்னைக்கு அந்த ரோட்டுல பஸ்ஸுல வாந்தியெடுத்துட்டே வந்தேன். எங்கம்மா கீழ நின்னு அழுதுட்டிருந்துச்சு. அதெல்லாம் இங்கிருந்து தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னங்க கொறஞ்சு போயிருப்பீங்க? நான் ஒண்ணும் சொல்லித் தர மாட்டேன்."

காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள்.

திங்கட்கிழமை கோஷ்டி வந்தது. லேடீஸ் சீட்டில் ஒருவர் கொட்டாவி விட்டபடி, "இங்க என்னப்பா இருக்கு?" என்றார். அத்தனை வருஷத்துக்குப் பிறகு கிறிஸ்துதாஸ் கதவைத் திறந்து இறங்கினார். "அந்த ரோடு தெரியுதுங்களா? அதுல என் சம்சாரம் கல்யாணத்தன்னைக்கு வாந்தியெடுத்துட்டே வந்துச்சுங்க. அதா, அந்தப் பக்கம் அவங்கம்மா ஊடு..." சிரித்துக்கொண்டே எல்லாரும் இறங்கினார்கள். ரொம்ப நேரம் பார்த்தார்கள். திரும்பி வந்து மேனேஜரிடம் டிரைவரைப் பாராட்டினார்கள். வேலை பிழைத்தது.

சாயங்காலம் கிறிஸ்துதாஸ் வேகவேகமாக வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்தார். செல்வி கேட்பாள் என்று பார்த்தார். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பொறுக்க முடியாமல் தானே ஆரம்பித்தார்.

"செல்வி, இன்னிக்கு நான் என்ன பாத்தேன் தெரியுமா?"

அவள் நிமிரவில்லை.

"கேட்டுக் கேட்டே எனக்கு மரத்துப் போச்சுங்க. சோறு போடட்டுமா?"

அதற்கு இங்கிலீஷில் என்ன வார்த்தை என்று அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய?