ஆசிர் கொடுத்த யானைக் காசு

ஆசிருக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. முப்பத்திரண்டு வருஷம் சித்தூர்–திருப்பதி பஸ்ஸில் நின்றுகொண்டே டிக்கெட் கிழித்த கண்டக்டர். ஓய்வு பெற்ற பிறகும் மனுஷனுக்கு உட்காரத் தெரியவில்லை. செல்லாத காசு ஒன்றுகூடத் தன் பைக்குள் நுழைந்ததில்லை என்று மார்தட்டுவார். அப்பேர்ப்பட்ட கெட்டிக்காரரைத்தான் ஒரு டிவி விளம்பரம் கவிழ்த்தது. யானை போட்டது, கப்பல் போட்டது, மயில் போட்டது என்று வெல்வெட் பெட்டியில் பளபளக்கும் காசுகள். மாதம் ஒன்றாக இருபத்து நான்கு வாங்கினார்.

"பென்ஷனைக் கொண்டுபோய்க் கொட்டிக்கினே இருங்க. தங்கமா தகரமான்னு எவனையாவது கேட்டீங்களா?" என்பாள் மனைவி ஹன்னா.

"இருபத்து நாலு கேரட்டுடி! சர்டிபிகேட்லயே போட்டுகீது. பத்து வருஷம் போகட்டும், காசு சேர்க்கிறவனெல்லாம் நம்ம வூட்டு வாசல்ல லைன் கட்டி நிப்பான்."

அந்த சர்டிபிகேட்டில் கேரட்டுக்கு அடுத்தாற்போல் 'முலாம்' என்று பொடி எழுத்தில் ஒரு வார்த்தை உண்டு. அவர் கண்ணுக்கு அது மட்டும் படவே படாது.

சர்ச்சில் அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை வந்தது. ஆளுக்கொரு காணிக்கை கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம். பூசணிக்காய் ஆயிரத்துக்குப் போகும், எலுமிச்சம்பழம் ஐந்நூறுக்குப் போகும். கோயில் காரியமாயிற்றே, யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆசிர் புதன்கிழமையே யானைக் காசைப் பெட்டியோடு பாஸ்டரிடம் கொடுத்துவிட்டார். "தங்கக் காசு, ஐயா" என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்லியும் வைத்தார்.

அதோடு விட்டிருக்கலாம். இன்ன விலைக்குக் குறையக் கூடாது என்று ஏலத்தில் சொல்லிவிட ஆசை. வெள்ளிக்கிழமை மீதி இருபத்து மூன்றையும் தூக்கிக்கொண்டு திருப்பதிக்குப் போனார். பழைய காசு வாங்கி விற்கும் பவன்குமார் ஒன்றை லென்ஸில் பார்த்தான். இரண்டாவதைக் கையில்கூட எடுக்கவில்லை.

"இல்லண்ணா, இது தங்கமே இல்ல. உள்ள நிக்கல், மேல தங்கத் தண்ணி. லட்சக்கணக்குல அடிச்சு வுட்டுகீறாங்க. அசல் பழைய காசா இருந்தாலும் முலாம் பூசிட்டா, சேர்க்கிறவங்க தொட மாட்டாங்க."

"அப்ப இதுக்கு ஒண்ணும் வராதா?"

"பெட்டி நல்லா கீது. பெட்டிக்கு வேணா அம்பது ரூபா தரேன்."

திரும்பும்போது பஸ்ஸில் பாதி சீட் காலி. ஆசிர் சந்திரகிரி தாண்டியும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சனிக்கிழமை பாஸ்டர் வீட்டு கேட் வரை மூன்று தடவை போனார், மூன்று தடவையும் திரும்பினார். வாயைத் திறந்தால் ஹன்னா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள், சபையே சிரிக்கும். ராத்திரி தூக்கமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் தபீதாள் பிடித்துக்கொண்டாள். ஹாஸ்டலில் சமையல் செய்கிறவள், புருஷன் இல்லை. போன வருஷம்தான் விஜயபுரம் பக்கமிருந்து வந்தவள். ஆசிரின் அளப்பு அவளுக்குப் புதுசு.

"அண்ணா, உங்க காசு நெஜமா இருபத்து நாலு கேரட்டா? தை பொறந்தா எம் பொண்ணு பிளெஸ்ஸிக்குக் கல்யாணம். கிராம் விக்கிற விலையில நகைக்கடைப் பக்கம் போவ முடியல. ஏலத்துல எடுத்து உருக்கித் தாலி செஞ்சிடலாம்னு பாக்குறேன். ஒம்பதாயிரம் வெச்சிருக்கேன்."

பக்கத்தில் நாலு பேர் நின்றார்கள்.

"சர்டிபிகேட்ல போட்டுகீதும்மா" என்றது அந்தப் பாழும் வாய்.

ஆராதனையில் ஆசிருக்கு ஒரு வசனமும் காதில் ஏறவில்லை. ஏலம் விட்ட தேவானந்தம் பெட்டியைத் தூக்கிக் காட்டியதும் ஆயிரம், இரண்டாயிரம் என்று போனது. ஆசிரின் தங்கத்தை அறிந்தவர்கள் மூன்றாயிரத்தில் சிரித்துக்கொண்டே விலகினார்கள்.

"நாலாயிரம்" என்றாள் தபீதாள்.

"அஞ்சாயிரம்!" ஆசிர் கத்தினார்.

"குடுத்தவரே திருப்பிக் கேக்குறாரே!" என்று கூட்டம் கலகலத்தது. ஹன்னா அவர் தொடையைக் கிள்ளினாள். ஆசிர் எழுந்தே நின்றுவிட்டார். ஆறு, ஏழு, எட்டு, எட்டரை. ஒன்பதாயிரம் என்றபோது தபீதாள் பர்ஸையே திறந்து பிடித்துக்கொண்டாள்.

"ஒம்பதாயிரத்து ஐந்நூறு" என்றார் ஆசிர்.

தேவானந்தம் மூன்று தரம் சொல்லி முடித்தார். கைதட்டல். "ஆசிர் ஐயா மனசு யாருக்கு வரும்!" என்றார் பாஸ்டர். தப்பித்தோம் என்று ஆசிர் மூச்சு விட்டார். யாருக்கும் தெரியாது, இனித் தெரியவும் வேண்டாம்.

தபீதாள் கைதட்டவில்லை. பணத்தைப் பர்ஸில் திணித்துக்கொண்டு நேரே அவரிடம் வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"தாலிக்குன்னு சொன்னேனேண்ணா. தெரிஞ்சுமா போட்டி போட்டீங்க? உங்ககிட்ட இன்னும் இருபத்து மூணு கீதே."

இதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை.

"தங்கம் இல்லம்மா அது! நிக்கல். மேல வெறும் தண்ணி. வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும். உன் பணம் பாழாப் போவக் கூடாதுன்னுதான்…"

ரகசியமாகச் சொல்வதாகத்தான் அவருக்கு நினைப்பு. கண்டக்டர் தொண்டை ரகசியம் அறியுமா? பாடகர் குழு வரை கேட்டது. ஹன்னா தலையில் கைவைத்துக்கொண்டாள். பாஸ்டர் மைக்கைக் கீழே இறக்கினார்.

தபீதாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"காலையில கேட்டேனே, அப்பவே இந்த ஒரு வார்த்தையச் சொல்லியிருந்தா உங்களுக்கு ஓசியிலயே முடிஞ்சிருக்குமேண்ணா."