அமோனியா நாலு சொட்டு

2004 ஜூன் 8, செவ்வாய்க்கிழமை, காலை 9.20, ருவான்வெல்லையில் விடாத மழை. என் மனைவியின் தொடைக் கட்டியிலிருந்து வெட்டிய துண்டை, ஐஸ் வைத்த ஃபிளாஸ்கில் போட்டு ஆஸ்பத்திரியில் என்னிடம் தந்தார்கள். அதன் ஒவ்வொரு செல்லிலும் டிஎன்ஏ எவ்வளவு இருக்கிறது என்று கொழும்பில் ஒரு மெசின் அளக்குமாம். அளவு மாறியிருந்தால் பொல்லாத கட்டியாக இருக்கலாம் என்றார் டாக்டர்.

நான் முப்பத்தொரு வருடம் நான்கு மாதம் ரப்பர் தோட்டத்தில் கிளாக்கராக இருந்தவன். ரப்பர் பால் கெடாதிருக்க அமோனியா விடுவோம். மூன்று மணிநேர பஸ் பயணத்தில் சதை கெட்டுவிடுமே என்று பதறி, வழியில் ரப்பர் ஃபெக்டரியில் அமோனியா கேட்டு வாங்கி நாலு சொட்டு விட்டேன்.

ஆய்வுகூடத்துப் பெண் மூடியைத் திறந்ததும் முகத்தைத் திருப்பினார்.

"ஐயா, இதுல என்ன ஊத்துனீங்க?"

"கெட்டுப்போகாம இருக்க அமோனியாங்க. நாலே சொட்டு."

"செல்லெல்லாம் கரைஞ்சிருக்கும். இத அளக்க முடியாது. மறுபடி வெட்டித்தான் எடுக்கணும்."

ஃபிளாஸ்கை மூடிக்கொண்டு திரும்பப் பஸ் ஏறினேன். வீட்டில் சொன்னதும் மனைவி கத்தினாள்: "என் சதை என்ன ரப்பர் பாலாங்க? இந்தத் தடவ உங்க தொடையக் குடுங்க!"

மறுபடி வெட்டினார்கள். முடிவு வரப் பதினொரு நாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னால் தாமதமாகி நோய் முற்றிவிட்டால்? நல்லவேளை, அளவு சரியாக இருந்தது. மற்றச் சோதனைகளும் புற்றுநோய் இல்லை என்றன.

இப்போது ஆஸ்பத்திரியில் எதைத் தந்தாலும், எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன், மூடியைத் தொடுவதில்லை. இரண்டாவது வெட்டுக்கும் பயணத்துக்குமாகச் செலவு பதினெட்டாயிரத்து நானூற்று அறுபது ரூபாய்.