கொண்டைக்கு எட்டாத முத்து வளையம்

1978 ஓகஸ்ட் 20, ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் நான்கு பத்து. ஒட்டுசுட்டானில் மழை பெய்து இரண்டு மாதத்துக்கு மேல். சோளகக் காற்று முற்றத்து மண்ணை அள்ளிக் குசினிக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. மகள் பெரியபிள்ளையாகி, சாமத்தியப்பட்டு அறைக்குள் இருந்தாள். தண்ணீர் வார்க்கும் நாள்வரை ஆண்கள் முகம் பார்க்கக்கூடாது என்பதால், நான் என் வீட்டிலேயே பூட்டிய கதவோடு கதைத்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு ஒரே ஆசைதான். சடங்கன்று கண்ணாடிக்கு முன்னால் நின்று, முகமும் பின் கொண்டையும் ஒன்றாகத் தெரியும்படி ஒரு படம். கொண்டையைச் சுற்றி முத்து வளையம். வவுனியாவில் அதை ஒரு நாள் வாடகைக்குக் கொடுக்க நாற்பத்தைந்து ரூபாய் கேட்டார்கள். நூலில் கோர்த்த பிளாஸ்டிக் முத்துக்கு நாற்பத்தைந்து! நானே கோர்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அளவு வேண்டும். என் அக்கா உள்ளே போய் அளந்து, முடிச்சுப் போட்ட நூலைக் கதவு இடுக்கால் நீட்டினார்.

"இறுக்கிப் பிடிச்சோ அளந்தனீங்கள், அக்கா?"

"தம்பி, இது தலை. நெல்லு மூட்டையில்லை. பிடி."

உள்ளேயிருந்து மகள், "அப்பா, அண்டைக்குக் கொண்டை பெரிசா வைப்பினம். கொஞ்சம் கூட்டிக் கோருங்கோ" என்றாள்.

"அளவெண்டா அளவுதான் பிள்ளை. கூட்டினால் தொங்கும்."

முல்லைத்தீவில் ஒரு முஸ்லிம் வியாபாரியிடம் வெள்ளை முத்தும் சிவப்பு முத்தும் வாங்கினேன். மீன்பிடிச் சாமான் விற்கும் கடையில் தங்கூசி என்ற நைலோன் நரம்பு வாங்கினேன். நூல் அறும், தங்கூசி அறாது. மூன்று வரிசை, வரிசைக்கு எழுபத்திரண்டு முத்து. சிவப்பு முடிந்துபோய் இன்னொருமுறை பஸ் ஏறினேன். மனைவி பலகாரம் சுட்டுக்கொண்டே, "கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோருங்கோவன், ஊசி கையில ஏறுது" என்று ஒவ்வொரு நாளும் சொன்னாள். வளையம் முடிந்தபோது செலவு நாற்பத்தேழு ரூபாய் ஐந்து சதம். வாடகையைவிட இரண்டு ரூபாய் ஐந்து சதம் கூட. ஆனாலும் பொருள் சொந்தம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இரண்டு கிழமை கழித்துச் சடங்கு. தண்ணீர் வார்த்து முடிந்ததும், தலை அலங்காரம் செய்ய வவுனியாவிலிருந்து வந்தவா கதவைச் சாத்திக்கொண்டா. அரை மணித்தியாலத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனால், என் பிள்ளையின் தலைக்குப் பின்னால் ஒரு பூசணிக்காய். அவளுடைய மயிர் பாதி, பொய்முடி பாதி, அதைச் சுற்றி மல்லிகை. வளையம் நான்கு விரல் எட்டவில்லை.

"அக்கா, நீங்கள் எதை அளந்தனீங்கள்?"

"இருந்த கொண்டையைத்தான் அளந்தனான். பொய்முடி வைக்கப் போயினம் எண்டு எனக்குச் சோதிடமே தெரியும்?"

"கொஞ்சம் இழுத்துப் பாருங்கோ" என்றாள் மனைவி. அலங்காரம் செய்தவா இழுத்தா. தங்கூசி அறவில்லை, நான் சொன்னது சரி. முடிச்சுத்தான் வழுக்கியது. மூன்று வரிசை முத்தும் சீமெந்துத் தரையில் உருண்டன. வெளியே படம் பிடிக்கிறவர், வெளிச்சம் போகப் போகுது என்று சத்தம் போட்டார்.

மகள் அசையாமல் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, அழுதால் மை கரையும். அதுதான் அழாமல் இருக்கிறன்."

அலங்காரம் செய்தவா தன் பையைத் திறந்தா. "என்னட்டை ஒண்டு கிடக்கு ஐயா. வாடகை அறுபது."

"வவுனியாவில நாற்பத்தைந்து!"

"அப்ப வவுனியாவுக்குப் போயிட்டு வாங்கோ ஐயா. பிள்ளை இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். மகளும் சிரித்துவிட்டாள். காசை எண்ணி வைத்தேன்.

கண்ணாடிப் படம் நன்றாகத்தான் வந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அந்த வாடகை வளையத்தில் ஏழு முத்து இல்லை. அதற்கும் அறுபது. தரையில் பொறுக்கி எண்ணியும் பார்த்தேன், என்னுடையதில் ஒரு முத்தும் குறையவில்லை, எட்டத்தான் இல்லை. மொத்தம் நூற்றேழு ரூபாய் ஐந்து சதம்.